இருபது பாட்டும் ஒரு விண்ணப்பமும்

என் தங்கையும் அவளுடைய தோழியும் பதினைந்து ஆண்டுகள் சேர்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டுகளில் இருபதைப் பொறுக்கி இரண்டு கேசட்டுகளாகக் கொண்டுவர, பினாங்கு வீதியில் கேசட் கடை வைத்திருந்த முதலாளி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முடிவு செய்தார். அதைக் கெடுக்கும் தகுதி ஜார்ஜ் டவுனில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அது நான்.

அப்போது நான் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஊழியர் கோப்புகளைப் பார்க்கும் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். விடுப்பு, பதவி உயர்வு, ஓய்வூதியம், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். பொது ஆணைகளை எண்ணோடு சொல்வேன். கல்யாண வீட்டில்கூடச் சொல்வேன் என்று தங்கை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது மிகை. ஒரே ஒரு கல்யாணத்தில்தான் சொன்னேன், அதுவும் மாப்பிள்ளை கேட்டதால்.

தங்கை அரசாங்கப் பள்ளியில் ஆசிரியை. தோழி, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. எங்களுடையது மூன்று தலைமுறையாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே சம்பாதித்த யாழ்ப்பாணத்து வீடு. இந்த இருவரையும் பள்ளிப் பாட்டுக் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள், உயரம் ஒன்றாக இருந்ததால். மற்றதெல்லாம் அந்த உயரத்தால் வந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு தைப்பூசத்தன்று, தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு பந்தலில் இருவரும் பாடினார்கள். முருகன் பாட்டுதான். ஆனால் பின்னால் எலக்ட்ரிக் கிதார். தாளம் மலாய்க்காரர்கள் ஆடும் ஜோகெட். காவடி எடுத்தவர்கள் குழம்பவில்லை, அந்தத் தாளத்துக்கும் ஆடினார்கள். மோர் குடிக்க நின்ற கேசட் கடை முதலாளி இரண்டாவது மோர் குடித்தார், மூன்றாவதும் குடித்தார். அடுத்த மாதம் ஒலிப்பதிவு.

அதற்குப் பிறகு அவர்களை எதிலும் கட்டிவைக்க முடியவில்லை. தாலாட்டை டிஸ்கோவாக்கினார்கள். குரோஞ்சோங் என்ற பழைய மலாய்க் காதல் மெட்டில் ஒப்பாரி வைத்தார்கள். ஒரு பாட்டு தமிழில் தொடங்கி, மலாயில் கோபித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் சமாதானமாகும். கடைக்காரர்களுக்கு எந்த அலமாரியில் வைப்பதென்று தெரியவில்லை. பக்திப் பாட்டுகளோடு வைத்தால் பக்தர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆட்டப் பாட்டுகளோடு வைத்தால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் அழுதார்கள். வகை எண் இல்லாத கோப்பு எவ்வளவு தொந்தரவு என்று எனக்குத் தெரியும். அந்தக் கடைக்காரர்கள்மேல் எனக்கு இன்னும் அனுதாபம் உண்டு.

அட்டையில் அவர்கள் பெயர் இருக்காது. ஒரு பூவின் பெயரும் 'சகோதரிகள்' என்ற சொல்லும் இருக்கும். அவர்கள் சகோதரிகள் இல்லை. படத்தில் கடலைப் பார்த்தபடி இரண்டு பெண்கள் முதுகு காட்டி நிற்பார்கள். அந்த முதுகுகளும் இவர்களுடையவை அல்ல.

இருபது பாட்டையும் முதன்முதலாக வரிசையாகக் கேட்க உட்கார்ந்தது முதலாளி கடையின் பின்னறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சாம்பிராணியும் அட்டைப்பெட்டியும் கலந்த வாசனை. நாங்கள் நான்கு பேர். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பாட்டில் வசதியாக உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்தால், அது எழுந்து வேறு வீட்டுக்குப் போய்விடும். பதினைந்து வருடமாக ஒன்று ஒன்றாகக் கேட்டபோது விளையாட்டாகத் தெரிந்தது, அடுத்தடுத்துக் கேட்டபோது அப்படித் தெரியவில்லை. இந்த இருவரும் எதையோ தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறார்கள், நான் விடுப்புப் படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது.

பத்தாவது பாட்டு முடிந்ததும் தோழி கேட்டாள்.

"முதலாளி, எல்லாம் சரி லா. அட்டைல என்னா போடப் போறீங்க?"

"எப்பயும் போடுறதுதாம்மா. கடலுகிட்ட அந்தப் பொண்ணுங்க நிக்குமே."

"அந்த முதுகு இந்தவாட்டி வேணாம். என் மூஞ்சியப் போடுங்க. என் பேரப் போடுங்க, எங்கப்பா பேரோட."

முதலாளி என்னைப் பார்த்தார். "என்னைய ஏம்மா கேக்குற? கிராணியாரக் கேளு. அன்னிக்கிப் பேரு வேணாம், மூஞ்சி வேணாம்னு சொன்னதே அவருதானே."

பதினோராவது பாட்டு தொடங்கியிருந்தது. முதலாளி அதை நிறுத்தினார். அவருக்கும் தாமதமாகத்தான் புரிந்தது. பதினைந்து வருடமாக அது அவருடைய வியாபார யோசனை என்று தோழி நினைத்திருந்தாள். என்னுடையது என்று அவளிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை.

காரணம் எளிது. அரசாங்க ஊழியர் வெளிவேலை செய்ய எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். அப்போது தங்கை புதிதாக வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகாதவள். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். அதனால் நான் ஒரு வழி சொன்னேன்: பெயரும் முகமும் போடாவிட்டால் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இருவர் பாடும்போது ஒருத்தி பெயரை மட்டும் போட்டால் மற்றவள் யார் என்ற கேள்வி வரும். ஆகவே இருவர் பெயரும் வேண்டாம். அந்தச் சமயத்தில் அது எனக்கு மிகவும் நேர்த்தியான ஏற்பாடாகத் தோன்றியது.

"என்னா அண்ணே, நானா கவர்மெண்டு?" என்றாள் தோழி. "சிப்பு ஒட்டுற கைக்கு எதுக்கு லா ரூல்சு?"

அதற்கு என்னிடம் விதி எண்ணோடு பதில் இருந்தது. சொல்லவில்லை.

"எங்கம்மா இருந்தப்ப, ரேடியோல நம்ம பாட்டு வந்தா பக்கத்து வூட்டுல போயி 'இது எம் மவ'ன்னு சொல்லும். ஒருத்தரும் நம்பல. கேசட்ட எடுத்துக் காட்டும். பார்த்தா முதுகு. கடைசி வரைக்கும் அதப் பொய்க்காரின்னுதான் நெனச்சாங்க." அவள் எழுந்துவிட்டாள். "இதுல என் பேரு வரலன்னா என் குரல எடுத்துருங்க. டீச்சரம்மா மட்டும் பாடட்டும்."

குரலைப் பிரித்தெடுக்க முடியாது. இருவரும் ஒரே மைக்கின் முன்னால் நின்று பாடியவை அவை. பெயர் வரவேண்டும், இல்லையென்றால் கேசட்டே இல்லை என்பது முதலாளி உட்பட எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

வீடு திரும்பும் வழியில் தங்கை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அண்டைக்கே நான் அவளிட்டைச் சொல்லியிருக்க வேணும்."

அவளைத் தலைமையாசிரியை ஆக்கப் பரிந்துரை போயிருந்த நேரம் அது. ஆனாலும் நான் கவலைப்படவில்லை. இப்போது அவள் மூத்த ஆசிரியை. முறையாகக் கேட்டால் அனுமதி கிடைக்கும். மூன்று பிரதிகளில் விண்ணப்பம் தட்டச்சு செய்தேன். 'வெளிவேலை பற்றிய முழு விவரம்' என்று படிவத்தில் ஓர் இடம் இருந்தது. அரைகுறையாக நிரப்பப்பட்ட படிவங்களை ஆயுள் முழுவதும் திருப்பி அனுப்பியவன் நான். ஆகவே தனித்தாளில் ஓர் இணைப்புச் சேர்த்தேன்: இருபது பாட்டுகள், ஒவ்வொன்றும் பதிவான ஆண்டு, மொழி, நீளம், முதல் குரல் யார், இரண்டாம் குரல் யார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். நான் தயாரித்த தாள்களிலேயே அழகானது அது. தங்கை படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் எழுதியதை அவள் என்றைக்குப் படித்தாள்? கல்வி இலாகாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அனுமதிக் கடிதம் அல்ல. அரசாங்க ஊழியர் எல்லோரும் பயப்படும் 'சூராட் துஞ்சுக் செபாப்', காரணம் கேட்கும் கடிதம். இத்தனை ஆண்டுகள் அனுமதியின்றி வெளிவேலை செய்ததாக உங்கள் விண்ணப்பத்தின் இணைப்பிலிருந்தே தெரிகிறது. உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு இருபத்தொரு நாளில் காரணம் காட்டவும்.

அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். இன்னும் கொஞ்சம் கடுமையாக.

"என்ன அண்ணா செய்துபோட்டியள்?" என்றாள் தங்கை. "ஒரு கேசட்டுக்கு அனுமதி கேக்கச் சொன்னால், பதினைஞ்சு வருசத்தையும் ஸ்கேல் வைச்சுக் கோடு போட்டுக் குடுத்திருக்கிறியள்."

"முழு விவரம் வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கிறது."

"அதுக்கு? வீட்டுக்குக் கள்ளன் வந்தால் சாவி எங்கை எண்டும் எழுதிக் குடுப்பியளோ?"

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் கோப்பைத் திறப்பேன், மூடுவேன், ஜன்னலுக்குப் போவேன். மதியம் சாப்பிடாமல் எஸ்பிளனேடு கடற்கரை வரை நடந்துவிட்டுத் திரும்புவேன். பத்தாவது நாள் எனக்கு வழி கிடைத்தது. அட்டைகளில் பெயரும் முகமும் இல்லை. ஆகவே அந்தக் குரல் தங்கையுடையது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. விண்ணப்பத்தின் இணைப்பு அண்ணன் தவறாகத் தயாரித்தது, பழைய பாட்டுகளைப் பாடியவர் வேறொருவர் என்று சத்தியப் பிரமாணம் செய்துவிட்டால் போதும். புதிய அட்டையில் தோழியின் பெயரை மட்டும் போடலாம். அவள் கேட்டதும் அதுதானே. ஓட்டை இல்லாத வாசகமாகத் தட்டச்சு செய்தேன். மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் திருப்தியாக இருந்தது.

தங்கை அதைப் படித்தாள். இந்த முறை முழுவதும் படித்தாள். பிறகு, மாலையில் வேலை முடிந்து தொழிற்சாலைச் சீருடையோடு வந்த தோழியிடம் நீட்டினாள்.

தோழி நின்றுகொண்டே படித்தாள். "ஆக, பாடுனது நான் மட்டும். அப்ப இந்த ரெண்டாவது குரலு யாரு லா? உங்க வூட்டுப் பூனையா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். தேநீர் ஆறிப்போனது.

"சரி, கையெழுத்துப் போடு," என்றாள் கடைசியில். "ஹெட்மிஸ்டிரஸ் ஆவு. பேரு வேணும்னு கேட்டேன், வந்திருச்சி. போதும்." சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள். அந்த நேரத்தில் பஸ் எதுவும் இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

இருபத்தொன்றாம் நாள் தங்கை பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பதிலைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். என்னுடைய வாசகம் என் மேசையிலேயே கிடந்தது. அவள் எழுதியதன் பிரதியை மாலையில் என் கையில் தந்தாள். கையெழுத்தில், பயிற்சிப் புத்தகத் தாளில், நான்கே வாக்கியம். அந்தப் பாட்டுகளைப் பாடிய இருவரில் நான் ஒருத்தி. அனுமதி கேட்கவில்லை, அது என் தவறு. மற்றவர் அரசாங்க ஊழியர் அல்ல. அவர் பெயர் இது என்று எழுதி, தோழியின் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் போட்டிருந்தாள்.

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. கேட்காத தகவலைப் பதிலில் சேர்க்கக் கூடாது என்பது முதல் பாடம். அதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்று கண்டனம், பதவி உயர்வுப் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. மற்றது வேறு ஒரு பிரிவிலிருந்து: கேசட் வெளியிட அனுமதி வழங்கப்படுகிறது, வாழ்த்துகள். இரண்டு பிரிவுகளும் ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில் இருந்தன. தங்கை மறுபடி எப்போதாவது பரிந்துரைக்கப்பட்டாளா என்று கேட்பவர்களுக்கு: இல்லை.

அடுத்த வாரம் கேசட்டுகள் வந்த அன்று தோழி பத்துப் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அட்டையில் இரண்டு முகங்கள், இரண்டு பெயர்கள். அவள் உட்காரவில்லை.

"பாரேன், ரெண்டு பேரும் ஐ.சி. கார்டுக்குப் படம் எடுக்கப் போன மாதிரி இருக்கோம்." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தங்கையிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நான் பேருதானே கேட்டேன்? உன் நாற்காலிய எவ கேட்டா?"

"உன்ரை பேரும் என்ரை கதிரையும் ஒரே கடிதத்திலை இருந்தது. ஒண்டைக் கிழிச்சால் மற்றதும் கிழியும்."

"லூசு."

"ஓம்."

தோழி அப்போதுதான் உட்கார்ந்தாள். முகத்தைச் சீருடைக் கையால் துடைத்துக்கொண்டாள். கண்டனத்துக்கு எதிராக மேல்முறையீடு செய்யப் பதினான்கு நாள் உண்டு என்று நான் அந்த இடத்தில் ஞாபகப்படுத்தினேன்.

"பேனையை வையுங்கோ அண்ணா," என்றாள் தங்கை.

"அண்ணே, நீங்க இன்னொரு லெட்டரு போட்டா எங்க ரெண்டு பேரையும் கப்பல் ஏத்தி வுட்டுருவாங்க லா," என்றாள் தோழி. இருவரும் சிரித்தார்கள். முதலாளி கடை வாசலில் ஒரு சின்னக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு எந்தப் பாட்டை முதலில் பாடுவது என்று சண்டை போடத் தொடங்கினார்கள். நான் அந்த அறையில் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

நான் எழுதாமல் இருக்கவில்லை. இரண்டு பக்கம், பன்னிரண்டு பத்தி, ஒவ்வொன்றுக்கும் எண். பட்டியல் தயாரித்தது நான், பெயர் வேண்டாமென்றதும் நான், தண்டனை தவறான ஆளுக்குப் போயிருக்கிறது என்று முதல் பத்தியிலேயே போட்டிருந்தேன். அடியில் தங்கையின் கையெழுத்துக்கு இடம் விட்டேன். பதினான்காவது நாள் அதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கல்வி இலாகா அலுவலகத்துக்குப் போனேன். கையெழுத்து இல்லாத மேல்முறையீட்டை எந்த அலுவலகமும் ஏற்காது. நானே எத்தனையோ திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் போனேன்.

நாலேகாலுக்குக் கவுண்டர் மூடும். நான்கு மணியிலிருந்து வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது பின்னால் நின்றவரை முன்னே போகச் சொன்னேன். அவருக்குப் பின்னால் நின்றவரையும் போகச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் தலையைத் தூக்கி, "பக்சிக், ஏதாவது கொடுக்க இருக்கிறதா?" என்று, மாமா முறை வைத்து மலாயில் கேட்டாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலை இழுத்து மூடினாள். அதற்குப் பிறகும் நான் கொடுக்காத உறையோடு அந்தத் தாழ்வாரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, காவலாளி வந்து கேட்கும் வரை, நடந்துகொண்டிருந்தேன்.