பெட்ரோல் முள் இறங்கிய நாள்

எங்கள் காரில் பெட்ரோல் எப்போதும் நிறைந்தே இருந்தது. அதாவது, முள் அப்படிச் சொன்னது. டேங்கில் சொட்டு இல்லாமல் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டாலும் சரி, சாவியைத் திருகினால் போதும், டேஷ்போர்டில் இருந்த அந்தச் சின்ன முள் விருட்டென்று வலது கோடிக்குப் போய் நின்றுகொள்ளும். அப்படிக் கூசாமல் பொய் சொல்லும் ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கல்யாணத் தரகர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் எங்கள் ஊர். அப்பா பருத்தியும் மிளகாயும் போடுவார். செம்மண் செவல்காடு கொஞ்சம் இருந்ததில் நிலக்கடலை. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த ஒருவர் புது வண்டி எடுத்தபோது, அவருடைய பழைய காரை ஒரு புரட்டாசியில் அப்பா வாங்கிக்கொண்டு வந்தார். கதவு ஒரே இழுப்பில் சாத்தாது. ஹாரன் மட்டும் மில் சங்கு மாதிரி அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். அந்த வண்டியின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை.

கண்மாய் வற்றியதும் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகி, லைசென்சும் எடுத்துவிட்டேன். ஆனால் ரோட்டில் ஓட்ட அப்பா சாவியைத் தரவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். போகிற வீட்டில் கார் இருக்கும் என்று என்ன நிச்சயம்? இருந்தாலும் மருமகள் கையில் சாவியைக் கொடுப்பார்களா? அதற்குள் ஒரே ஒரு தடவையாவது கோவில்பட்டி வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று தவித்தேன்.

"நீ நல்லாத்தான் ஓட்டுத. நான் இல்லேங்கல," என்பார் அப்பா. "ஆனா அந்த முள்ளு பொய் சொல்லுத வரைக்கும் சாவியத் தரமாட்டேன். ஆளில்லாத காட்டுல பெட்ரோல் தீந்துபோயி ஒரு பொம்பளப்புள்ள தனியா நிக்கப்பிடாது."

நியாயமாகப் பேசுகிறவர்களிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம்! அப்பாவும் அந்த முள்ளை நம்புவதில்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் நீளமாக ஒரு புளிய விளாறுக் குச்சி வைத்திருப்பார். புறப்படுவதற்கு முன்னால் மூடியைத் திறந்து, விளாறை டேங்குக்குள் விட்டு எடுத்து, எது வரைக்கும் நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். பார்த்தால் போதாதென்று மோந்தும் பார்ப்பார். "எட்டயபுரம் போய்த் திரும்பக் காணும்," என்பார். சொன்னபடியே பெட்ரோல் போதுமானதாக இருக்கும்.

சரி, முள்ளைச் சரி பண்ணிவிடலாம் என்றால் அம்மா குறுக்கே நின்றாள். எங்கள் வீட்டில் அரிசிப் பானையும் உப்புச் சாடியும் அடி தெரிய அம்மா விட்டதே இல்லை. புது அரிசி வந்து விழும்போது பழைய அரிசி ஒரு கையாவது அதில் கிடக்க வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு, எப்போது பார்த்தாலும் நிறைந்து நிற்கிற முள் எவ்வளவு பெரிய பாக்கியம்! வெள்ளிக்கிழமை தோறும் அதன் கண்ணாடிக்குக் கீழே குங்குமம் வைப்பாள்.

"நெறஞ்சு நிக்குததப் போயி யாராச்சும் எறக்குவாகளா? அதுல கைய வச்சே, ஒடிச்சுப்போடுவேன்," என்றாள்.

அப்பா கேட்டது ஒன்று, அம்மா தடுத்ததும் அதே ஒன்று. நடுவில் நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

தை மாதத்தில் எப்போதும்வென்றான் என்கிற ஊரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். புறப்படுகிற நேரத்தில் அப்பாவின் விளாறைக் காணோம். காயப் போட்ட மிளகாயில் வாய் வைத்த ஆட்டை விரட்டுவதற்கு அம்மா அதை எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ போட்டிருந்தாள். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று அளந்து பார்க்காமலே கிளம்பினோம். பாதி வழியில் வண்டி இரண்டு தடவை செருமிவிட்டு நின்றது.

"பெட்ரோல் தீந்துட்டு," என்றார் அப்பா.

"அதான் நெறைய இருக்குன்னு காட்டுதே! வேற என்னமோ கோளாறு. எறங்கிப் பாருங்க," என்றாள் அம்மா, பட்டுச் சேலையின் மடிப்புக் கலையாமல்.

அப்பா இறங்கி, அம்மாவின் மனம் நோகக்கூடாது என்பதற்காக, பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஆட்டுக் கிடையை ஓட்டிக்கொண்டு வந்த கீதாரி ஒருவர், "அண்ணாச்சி, வண்டிக்குத் தண்ணி கிண்ணி காட்டணுமா?" என்று கேட்டார். கேட்டதோடு விடாமல் தள்ளவும் வந்தார். அப்பாவும் அவரும் தள்ள, நான் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, அம்மா உட்கார்ந்திருக்க, ஆடுகள் எல்லாம் பின்னாலேயே வந்தன. அடுத்த ஊரில் ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து உறிஞ்சிக் கொடுத்த பெட்ரோலில் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியில் பாயசமும் தீர்ந்திருந்தது. முகூர்த்தம் போனதை அப்பா பொறுத்துக்கொண்டார். பாயசம் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"எல்லாம் கண்ணேறு," என்றாள் அம்மா. 

பங்குனியில் ஒரு மத்தியானம், அப்பா காட்டுக்குப் போயிருந்தபோது, ஆணியில் தொங்கிய சாவியையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு நான் காருக்குள் உட்கார்ந்தேன். காலேஜில் படித்த பிசிக்ஸ் ஏதாவது ஒன்றுக்கு உதவட்டுமே! டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியதும் முதலில் வந்தவை தீக்குச்சிகள். பழைய முதலாளியின் ஞாபகார்த்தம். பிறகுதான் மீட்டர் கையில் அகப்பட்டது. சாவியைத் திருகி முள்ளை ஏற விட்டு, டேங்கிலிருந்து அதற்கு வருகிற கம்பியைக் கழற்றினேன். முள் அசையவில்லை. கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான் போல. கம்பி கழன்ற இடத்தை வேறொரு துண்டுக் கம்பியால் வண்டியின் இரும்போடு தொட வைத்தேன். முள் தடாலென்று கீழே விழுந்தது. கையை எடுத்தேன். மறுபடி மேலே போய் நின்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முள்ளுக்கு ஒன்றுமே இல்லை! டேங்கிலிருந்து சேதி வரவில்லை, அவ்வளவுதான். சேதி வராவிட்டால் நிறைந்திருப்பதாக வைத்துக்கொள்வது அதன் சுபாவம்.

"ஏட்டி! என்ன பண்ணுத?" முதுகுக்குப் பின்னால் அம்மா. முள் விழுந்ததை அவளும் பார்த்துவிட்டாள். நான் வேண்டுமென்றே இன்னொரு தடவை இறக்கி ஏற்றிக் காட்டினேன். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"கம்பி பின்னால எங்கயோ அறுந்திருக்கும்மா. டிக்கியத் திறக்கணும்," என்றேன்.

அங்கேதான் சிக்கல். எங்கள் டிக்கிதான் அம்மாவுக்குத் தானியம் சேர்த்து வைக்கிற குலுக்கை. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி வண்டியை நகர விடாது. ஈரம் உலரும் வரை கார் சும்மாதான் நிற்கும். இவ்வளவு பெரிய இரும்புப் பெட்டி வெறுமனே கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அம்மாவால் முடியவில்லை. வீட்டில் எலித் தொல்லை என்று, வண்டி வந்த முதல் ஐப்பசியிலிருந்தே விதைக்கடலை மூட்டை இரண்டை டிக்கியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வாள். மழை நின்ற பிறகும் எடுக்கமாட்டாள். எப்போதும்வென்றான் கல்யாணத்துக்கு விதைக்கடலையும் எங்களோடு வந்துவிட்டுத்தான் திரும்பியது.

"ஆடி பிறக்குத வரைக்கும் அத அசைக்கப்பிடாது," என்றாள்.

"ஆடிக்கு நான் இங்கன இருப்பனோ, எவன் வீட்டுல இருப்பனோ! எனக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அந்த வண்டிய ஓட்டணும்மா," என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு இடுப்பிலிருந்து டிக்கிச் சாவியை எடுத்தாள். "மூட்டைய நாந்தான் எடுப்பேன். நீ கிழிச்சுப்போடுவே."

முன்னால் இருந்த மூட்டையை இரண்டு பேரும் முக்கி முனகி இறக்கினோம். பின்னால் இருந்ததையும் அதே பலத்தோடு அம்மா இழுத்தாள். அது ஒரு கைக்கே வந்துவிட்டது. அம்மா மல்லாக்க விழப்போனாள். கட்டிய கட்டு குலையாமல், வயிறு புடைத்த மாதிரிதான் இருந்தது மூட்டை. பிரித்துக் கையை விட்டாள். தொலி. இன்னும் ஆழமாக விட்டாள். எல்லாம் பருப்பில்லாத வெறும் தொலி. மூட்டையின் அடியில் ஓட்டை. டிக்கியின் மூலையில், எங்கள் காட்டுப் பருத்தியிலேயே மெத்தென்று ஒரு எலிக்கூடு. டேங்குக்குப் போகிற கம்பி நுழைகிற துவாரம்தான் வாசல். வாசலில் கிடந்த கம்பியையும் கடித்துத் துண்டாக்கியிருந்தன.

தொலியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். விதைக்கு வைத்ததில் பாதி போய்விட்டது. எனக்குச் சாவி, முள் எல்லாம் மறந்துபோய், பாவமாக இருந்தது.

"நெறஞ்சுல்லா இருந்துச்சு," என்றாள் மெல்ல. "தெனமும் வெளிய தொட்டுப் பாத்துட்டுத்தானே பூட்டுவேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தால், சிரிப்பு. "ஏட்டி, அப்பம் எலியும் கல்யாணத்துக்கு வந்திருக்கும்லா? நம்மள மாதிரி அதுக்கும் பாயசம் கெடச்சிருக்காது!"

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். பிறகு எழுந்து சேலையை உதறிக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கம்பிய ஒட்டு. உள்ளது தெரியட்டும்."

பழைய ரேடியோ ஒயரில் ஒரு துண்டை வெட்டி, பல்லால் தோல் உரித்து, முறுக்கிச் சேர்த்து, டேப்பைச் சுற்றினேன். மீட்டரை அதன் இடத்தில் மாட்டிச் சாவியைத் திருகினேன். முள் நேராக அடியில் போய்ப் படுத்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

பொழுது சாயத் தொடங்கியபோது அப்பா வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு மாட்டுக் கொட்டாரத்திலிருந்த கேனை எடுத்துவந்து டேங்கில் ஊற்றினார். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுது! ஏட்டி, ஏறுது! இன்னும் ஊத்துங்க!"

இத்தனை காலமும் அது நிறைந்து நிற்பதைப் பார்த்தவள், நிறைவதை அன்றுதான் பார்த்தாள். முகம் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

"கேன்ல அவ்வளவுதான்," என்றார் அப்பா. முள் பாதிக்கும் கீழே நின்றது.

"இத இப்பிடி அரைகுறையா விடப்பிடாது. கோவில்பட்டிக்குப் போயி நெறச்சுட்டு வருவோம்," என்றாள் அம்மா. அப்பா டிரைவர் பக்கத்துக் கதவுக்கு வந்தார். அம்மா அவரைப் பார்த்து, "நீங்க பின்னால ஏறுங்க. அவ ஓட்டட்டும்," என்றாள்.

அப்பா சீட்டுக்கு அடியிலிருந்து புது விளாறை உருவிக்கொண்டு பின்னால் ஏறினார். நான் ஓட்டினேன். எதிரே யாரும் வராவிட்டாலும் ஹாரனை அடித்தேன். கோவில்பட்டி வரைக்கும் அம்மா முள்ளைப் பார்த்து, எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பியதும் முள் வலது கோடிக்குப் போய் நின்றது. அப்பா அப்போதும் இறங்கிப் போய் விளாறை விட்டு எடுத்து, நனைந்த இடத்தைப் பார்த்தார்; மோந்தும் பார்த்தார். பிறகு அதை இரண்டாக ஒடித்து ரோட்டோரத்தில் எறிந்துவிட்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார்.

"வீட்டுக்கும் நீயே ஓட்டு," என்றார்.