துணிமூட்டையும் தூண்டிலும்

கீழ்வீட்டுத் தம்பிக்குப் போன வாரம் ஒரு பார்சல் வந்தது. மடக்கினால் குடை அளவு, இழுத்தால் ஆள் உயரத்துக்கு மேல் நீளும் தூண்டில். சக்கரம், அதில் சுற்றிய நரம்பு எல்லாம் புதுசு. மாடிப்படியிலேயே உட்கார்ந்து பிரித்துக் காட்டினார். "ஞாயித்துக்கெழம பிள்ளையளயும் கூட்டிக்கிட்டு ஆத்துப்பக்கம் போவம்னு இருக்கோம் அண்ணாச்சி. நீங்கல்லாம் அப்பமே குடும்பத்தோட போவியளாமே?" என்றார். நரம்பை விரலில் சுற்றிப் பார்த்தேன். புது நைலான் நரம்புக்கு ஒரு வாசனை உண்டு, மழைக்கோட்டை முதல்முறை பிரிக்கிற மாதிரி. அது மூக்கில் ஏறியது. வாயாடி என்று பெயர் எடுத்தவன் நான். "நல்லாருக்கு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வந்து, தச்சநல்லூர் வெயிலில் மொட்டைமாடியில் சும்மா நின்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சேரன்மகாதேவியில் இருந்தோம். நான் யூனியன் ஆபீஸில் கிளார்க். வீட்டுக்காரி பள்ளிக்கூடத்து டீச்சர். மகள் செல்வி ஒருத்திதான். மூன்று பேரும் சேர்ந்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அந்த ஒரு நாளையும் நான் தூண்டிலோடு கழித்தால் யார் பொறுப்பார்கள்? இரண்டு மூன்று சண்டைகளுக்குப் பிறகு வீட்டுக்காரியே ஒரு சட்டம் போட்டாள். "ஆத்துக்குப் போறதுன்னா எல்லாரும் போவோம். துணிமூட்டையும் கூட வரும்."

அப்படித்தான் ஒரு வாரத்து அழுக்குத் துணியும் என் மீன்பிடி ஆசையும் ஒரே சைக்கிளில் ஏறின. பின்னால் மூட்டை, முன்கம்பியில் செல்வி, ஓரமாகக் கட்டிய மூங்கில் கம்பு. சோற்றுத்தூக்கோடு வீட்டுக்காரி நடந்து வருவாள். படித்துறையில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருக்கும் சுடலைமுத்து எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார். "என்ன வே, துணி தொவைக்க வந்தீரா, மீன் பிடிக்க வந்தீரா? ரெண்டுல எதுன்னு ஆத்துக்குச் சொல்லிரும், அது பாட்டுக்குக் கொழம்பிக்கிட்டு ஓடுது." நான் பிடித்த கெண்டைப்பொடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார், "இது மீன் இல்ல வே, மீனோட விலாசம்." அந்த மனுஷன் பேச்சைக் கேட்கவே இன்னொரு ஞாயிறு போகலாம்.

வீடும் அதற்கேற்ற மாதிரி ஆகிவிட்டது. தூண்டில்முள்ளெல்லாம் தினசரிக் காலண்டர் அட்டையில் குத்தி நிற்கும். மண்புழு பழைய ஊறுகாய் பாட்டிலில். ஒருநாள் மோர்ச்சோற்றுக்கு என்று அவள் அதைத் திறந்துவிட்டாள். சாயங்காலம் வரை என்னோடு பேச்சு இல்லை. ராத்திரி அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செல்விக்கு எட்டு வயது. மணலில் முழங்கை ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, முதல் கலங்கலை இறைத்துவிட்டு, தெளிந்த தண்ணீரைச் சிரட்டையில் கோரி எங்களுக்குக் கொடுப்பாள். காய்ந்த பனையோலையைக் கசக்கி உள்ளே வைத்து, மேலே சுள்ளி அடுக்கி, ஒரே தீக்குச்சியில் அடுப்பு மூட்டுவாள். உப்பும் வத்தல்பொடியும் தடவி, வாழையிலையில் சுற்றி மீனைக் கங்கில் புதைப்போம். துவைத்த சேலைகள் மணலில் காயும். சோப்பு வாசனையும் மீன் வாசனையும் கலந்து அடிக்கும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்றைக்கும் அந்த வாசனைதான்.

அவர்களுக்கு முன்னால் பெரிய ஆள் மாதிரி நான் பாடமும் எடுப்பேன். "மேல அணையில தண்ணி தொறந்தா ஆறு முதல்ல ஆள் அனுப்பும். எலை, சருகு, நுரை, எறும்பு ஏறுன சுள்ளி. அது வந்தா எதையும் பாக்காம கரையேறிரணும்."

அது ஒரு வைகாசி. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். நடுவில் ஒரு பாறை உண்டு. செல்வி அதில் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூழாங்கல் வைத்து வீடு கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி கீழ்ப்பக்கம் துவைகல்லில். நான் மேல்பக்கம். அதுவரை அப்படி ஒரு இழுப்பை என் தூண்டில் கண்டதில்லை. கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. அந்த நேரத்தில்தான் என் காலடியில் சருகு மிதந்து போனது. ஒன்று, பத்து, பிறகு பாய் விரித்த மாதிரி. ஓரமெல்லாம் நுரை.

பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன். இதை மட்டும் கரையில் போட்டுவிடுவோம், ஒரு நிமிஷம், என்று நினைத்தேன்.

நரம்பு அறுந்தது. நிமிர்ந்தபோது பாறைக்கும் கரைக்கும் நடுவில் இருந்த ஆறு வேறு ஆறாக இருந்தது. செல்வி எழுந்து நின்றாள். தண்ணீர் அவள் கணுக்காலுக்கு வந்திருந்தது. அவள் கத்தவில்லை, என்னைப் பார்த்தாள். என் வீட்டுக்காரி ஈரச் சேலைகள் மூன்றை முடிச்சுப் போட்டு ஓடிவந்தாள். ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் குதித்தேன். மறுநுனியை அவளும் சுடலைமுத்துவும் பிடித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு இடுப்பளவு. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்ள, கரைக்கு வந்து மணலில் விழுந்தேன்.

"மகராசன், உசிரக் குடுத்துல்லா பிடிச்சிட்டான்" என்றார் சுடலைமுத்து. கூட்டம் கூடிவிட்டது. "சொல்லாம கொள்ளாமத் தொறந்துட்டான் பாருங்க" என்றார்கள். நானும் சொன்னேன், "ஆமா, திடீர்னு வந்துட்டு. ஒண்ணுமே தெரியல." அந்த வார்த்தை அவ்வளவு லேசாக வந்தது.

இரண்டு நாள் கழித்து, அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டே, திரும்பாமல் அவள் சொன்னாள். "சருகு வந்துச்சு. நான் பாத்தேன். நீங்க மேல நிக்கியளே, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு துணிய அலசிக்கிட்டே இருந்துட்டேன். நீங்க பாக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு சத்தம் குடுத்திருக்கணும்லா?"

வாயைத் திறந்தேன். "நீ என்ன செய்வ, விடு" என்றேன். மன்னிப்பதுபோலச் சொன்னேன்.

அவள் விடவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஆற்றுக்குப் போகவில்லை. துணி குழாயடிக்கு வந்தது. காலண்டர் அட்டையில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காகிதத்தில் பொதிந்து வைத்தாள். தூக்கத்தில் எழுந்து செல்வியின் காலைத் தொட்டுப் பார்ப்பாள். நான் விழித்துத்தான் இருப்பேன். எத்தனையோ தடவை சொல்ல நினைத்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். செல்வி படித்து, கல்யாணமாகி, கோயம்புத்தூர் போனாள். வீட்டுக்காரிக்குச் சீக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒருநாள், சொல்லிவிடுவது என்றே கட்டில் பக்கம் உட்கார்ந்தேன். "சாப்ட்டியளா?" என்று கேட்டாள். "சாப்ட்டேன்" என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு செல்வி எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். "அம்மா கடைசில எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாப்பா. அன்னைக்குப் பாத்தும் பேசாம இருந்துட்டேன், தப்பு எம்மேலதான்னு. பாவம். நீங்க மட்டும் இல்லன்னா நான் இருந்திருக்க மாட்டேன்லா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். காப்பி ஆறும்வரை பிடித்திருந்தாள்.

போன வருஷம் ஒரு நாள் பஸ் ஏறி அந்தத் துறைக்குப் போனேன். மணல் இல்லை. ஊற்றுத் தோண்ட ஒரு கை மணல்கூட இல்லை, சகதியும், தண்ணீரை மூடிக்கிடக்கும் அமலைச்செடியும்தான். துவைகல்லைக் காணோம். சுற்றியிருந்த மணலையெல்லாம் அள்ளிப் போய்விட்டதால் அந்தப் பாறை மட்டும் முன்னைவிட உயரமாக நிற்கிறது. அதற்கு முன்னால் நின்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நானும் பாத்தேன்ட்டீ. உனக்கு முன்னாலயே பாத்தேன்.