கறை அக்கா செய்த கப்பல் அறை

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருப்பவரை எல்லோரும் கறை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கேலிப்பெயர் இல்லை, தொழிற்பெயர். ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் கறை எடுக்கும் மேசை அவருடையதாக இருந்தது. மேசை விரிப்பில் ஒயின், தலையணையுறையில் உதட்டுச்சாயம், சமையல்காரர் கோட்டில் எண்ணெய், ஜன்னல் திரையில் துரு என்று எது வந்தாலும் அக்கா ஒருதரம் முகர்ந்து பார்ப்பார், நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார், அப்புறம் எந்த பாட்டிலைத் திறப்பது என்பது கைக்கே தெரிந்துவிடும்.

"இந்த வேலையில ஒரு வேடிக்கை இருக்கு பாரு," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் அவருக்கு மேல்வீட்டுக்காரி. "தப்பா செஞ்சா எல்லாரும் பாப்பாங்க. நல்லா செஞ்சா பாக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது."

ஓட்டல்காரர்கள் திடீரென்று துணியையெல்லாம் வெளியே ஒரு தொழிற்சாலைக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். கூடத்தைப் பூட்டியாயிற்று. அக்கா வீட்டோடு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பேச்சுக்குத்தான். முதல் மாதம் முழுக்க வீட்டிலிருந்த துணியையெல்லாம் திரும்பத் திரும்பத் துவைத்தார். அவர் கணவர் பஸ் டிரைவர், சாதுவான மனிதர். மாடிப்படியில் என்னைப் பார்த்துப் புலம்பினார்: "சட்டையைக் கழட்டி ஆணியில மாட்ட பயமா இருக்கும்மா. திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஈரமா தொங்குது."

அந்த நேரத்தில்தான் அக்காவின் தம்பி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அவன் தச்சன். பல் டாக்டர் அம்மாள் ஒருவர் தன் வீட்டு மாடியில் விளையாட்டு அறை ஒன்று கட்டியிருந்தார். கேரம், சீட்டு, பகடை, வீடியோ கேம் எல்லாவற்றுக்கும் ஒரே அறை. அறையைப் பழைய பாய்மரக் கப்பல் தலைவனின் அறை மாதிரி ஆக்கவேண்டும் என்று ஆசை. தம்பி பெட்டி, முக்காலி, அலமாரி, சுவரில் மாட்ட ஒரு சுக்கான் சக்கரம் எல்லாம் செய்து, வழவழவென்று இழைத்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு வைத்திருந்தான். டாக்டர் அம்மாள் பட்டறைக்கு வந்து பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா புதுசா இருக்கே!"

தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "புது மரத்துல செஞ்சா புதுசாத்தாம்மா இருக்கும். பழசா வேணும்னா நீங்க கிழவியான அப்புறம் வந்து எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்," என்றான் அக்காவிடம்.

"வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்கமாட்டியே. என்ன மாதிரி பழசு கேட்டாங்க?"

"பழசுல என்னக்கா மாதிரி?"

"நனைஞ்சு நனைஞ்சு பழசானதா, வெயில்ல காஞ்சு பழசானதா, எண்ணெய்க்கை பட்டுப் பழசானதா? ஒவ்வொண்ணும் ஒரு நிறம்டா."

தம்பி பேந்தப் பேந்த விழித்தான். மறுநாள் பெட்டி அக்கா வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது.

அன்று கீழே சங்கிலி அடிக்கும் சத்தம் கேட்டது. நடுவில் டிரைவரின் அலறல். குடும்பத்தில் என்னவோ ஏதோ என்று நான் இறங்கி ஓடினேன். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் புத்தம்புதுப் பெட்டியைச் சைக்கிள் சங்கிலியால் விளாசிக்கொண்டிருந்தார். டிரைவர் தலையில் கைவைத்து நின்றார். அவர் எதையும் புதுசு கலையாமல் வைத்துக்கொள்கிற ஆள். டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவிடமாட்டார்.

"நல்ல மரத்தைப் போட்டு இந்த அடி அடிக்கறியே, அது என்ன பாவம் பண்ணிச்சு?"

"கப்பல்ல பெட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டா இப்படித்தான் வடுப்படும். தள்ளி நில்லுங்க, மேல பட்டுடும்."

அடித்து முடித்ததும் உப்புத்தாளால் பாலிஷைத் தேய்த்தெடுத்துவிட்டு, கெட்டியான டீத்தண்ணீரைத் தூரிகையில் எடுத்து மரம் முழுக்கத் தடவினார். அது காய்ந்ததும் வேறொரு பாட்டில். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் ஊறப்போட்டு வைத்திருந்த தண்ணீர். அதைத் தடவத் தடவ, எங்கள் கண்ணெதிரே மரம் சாம்பல் பூத்துக் கறுத்தது.

"டீ கொட்டின துணியை இரும்புக் கம்பியில காயப்போட்டுட்டா கறுப்பா ஒரு கறை விழும். அதை எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல," என்றார் அக்கா, தூரிகையை நிறுத்தாமல். "இப்ப அதையே வா வான்னு வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிறேன்."

பெட்டியைப் பார்த்த டாக்டர் அம்மாள், மூடியைத் தடவினார், குனிந்து மோந்து பார்த்தார், எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். மீதி அறையும் நீங்களேதான் செய்து தரவேண்டும் என்றார்.

அதற்கப்புறம் அந்த முற்றத்தில் நடந்ததையெல்லாம் சொன்னால் நாள் போதாது. அலமாரி விளிம்புகளில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு மேலே நீலப் பெயிண்ட் அடித்தார். காய்ந்தபின் கரண்டிக்காம்பால் சுரண்டினால் மெழுகு இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் செதில் செதிலாகக் கழன்று வந்தது, உப்புக்காற்று தின்றது மாதிரி. வெள்ளைக் கயிற்றை டீயில் வேகவைத்தார். ஒரு பெரிய தாளில் இல்லாத தீவுகளையெல்லாம் தம்பி வரைந்து கொடுக்க, அதைக் கசக்கி, நனைத்து, காயவைத்து, மேலே காப்பிக் கோப்பையை அழுத்தி வைத்து ஒரு வட்டக்கறை விழச்செய்தார். பழைய இரும்புக்கடையில் ஒரு நிஜப் பித்தளை மணி கிடைத்தது. அதை உப்பும் வினிகரும் தெளித்து மூடிவைத்ததில் பச்சைப்பசேல் என்று களிம்பு ஏறிவிட்டது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது அந்த வட்ட ஜன்னல்தான். கப்பலுக்கு வட்ட ஜன்னல் வேண்டும், எங்கே போவது என்று தம்பி யோசித்துக்கொண்டிருந்தான். அக்கா அதே இரும்புக்கடையில் உடைந்த சலவை இயந்திரம் ஒன்றின் கண்ணாடிக் கதவைக் கழற்றி வாங்கிவந்தார். பித்தளை நிறம் அடித்து, திருகாணிகளைச் சுற்றிக் களிம்பு நிறத்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி வைத்தார். "எத்தனை வருஷம் இது முன்னாடி நின்னிருப்பேன். இப்ப இதுவும் என்னோட கப்பல் ஏறுது," என்று சொல்லிச் சிரித்தார்.

அறை தயாராயிற்று. சனிக்கிழமை மாலை நண்பர்களை விளையாட அழைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் டாக்டர் அம்மாளிடமிருந்து போன் வந்தது. குரல் அழுகையா சிரிப்பா என்று பிடிபடவில்லை.

"அக்கா, எங்க மாமனார் ஊர்லேர்ந்து வந்திருக்கார். நான் கிளினிக்ல இருக்கேன், அவர் வீட்டுக்காரர் போட்டோ அனுப்பியிருக்கார்... சே, என் வீட்டுக்காரர் அனுப்பியிருக்கார். எனக்கு வாயே குழறுது. மாமா அந்த ரூமைச் சுத்தம் பண்ணிட்டார் அக்கா!"

அக்கா, தம்பி, தூரிகைகள் அடங்கிய வாளி, துணைக்கு நான் என்று ஒரு படையாகக் கிளம்பிப்போனோம். மாடியில் அந்தப் பெரியவர் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு நின்றார். விரலெல்லாம் கறுப்பு. கையில் பாலிஷ் துணி. மணி தங்கம் மாதிரி ஜொலித்தது. பெட்டியின் கைப்பிடிகள் ஜொலித்தன. சுக்கான் சக்கரத்தின் நடுக்குமிழ் ஜொலித்தது.

"யாரு இந்த ரூமைச் செஞ்சது?" என்றார், எங்களைக் குற்றவாளிகளாக நிறுத்தி.

"நான்தாங்க," என்றார் அக்கா.

"நான் வாழ்நாள் பூரா கப்பல்ல என்ஜின் ரூம்ல வேலை பாத்தவன்மா. கப்பலை இப்படியா வச்சிருப்பாங்க? இந்த மணி மட்டும் எங்க கப்பல்ல இருந்திருந்தா, கேப்டன் மணியை விட்டுட்டு என்னைத் தூக்கிக் கடல்ல போட்டிருப்பார்!"

தம்பி மூக்கு விடைக்க முன்னால் போனான். அக்கா அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவருக்கும் வயிறு எரிந்ததாம். களிம்பு ஏற அவர் காத்திருந்தது அவருக்குத்தானே தெரியும். ஆனால் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, இந்த மனுஷன் தேய்த்த தேய்ப்பு எவ்வளவு சுத்தமான தேய்ப்பு என்று மனசு தன்னால் கணக்குப் போட்டதாம். "வேலை தெரிஞ்ச கைடி அது. எப்படிக் கோபப்படறது?" என்று பிற்பாடு சொன்னார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மணியின் வயிறு பளபளத்தாலும், துணி போகாத விளிம்பு மடிப்பிலும் தொங்கும் வளையத்திலும் பச்சை அப்படியே இருந்தது. முழுக்கப் பச்சையாக இருந்தபோது அது பழைய சாமான். இப்போது யாரோ தினமும் அடிக்கிற மணியாகிவிட்டது.

அக்கா மணியைத் தொங்கவிட்டுவிட்டுப் பெரியவரிடம் கேட்டார்: "ஐயா, கப்பல் ஆடறப்ப இந்த ரூமுக்குள்ள நீங்க எப்படி நடப்பீங்க? கொஞ்சம் நடந்து காட்டுங்களேன்."

"எதுக்கு?"

"சும்மா நடங்களேன்."

பெரியவர் சந்தேகத்தோடு வாசலில் போய் நின்றார். அப்புறம் காலை அகட்டிவைத்து, கதவு நிலையைப் பிடித்து, அலமாரி விளிம்புக்குத் தாவி, மேசை மூலையைப் பற்றி, இடுப்பால் பெட்டியில் சாய்ந்து ஓர் அலையைக் கடந்து வந்தார். அந்த வயதுக்கு அப்படியொரு லாகவம். அவர் கை பட்ட இடமெல்லாம் அக்கா சாக்குக்கட்டியால் குறி போட்டுக்கொண்டே பின்னால் போனார். இருவரும் தள்ளாடித் தள்ளாடிப் போவதைப் பார்த்துத் தம்பிக்கே கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள், பேரம். சொத்து பிரிக்கிற அண்ணன் தங்கை மாதிரி.

"கைப்பிடி ரெண்டும் உங்களுக்கு. நல்லாத் தேயுங்க. ஆணிக்கொண்டையைச் சுத்தி இருக்கற துரு எனக்கு."

"அந்த ஜன்னல்?"

"ஜன்னல்ல கையே வைக்கக்கூடாது. அது சலவை மெஷின் கதவு, மேல இருக்கறது பெயிண்ட். வந்துடும்."

"கீழ்ப்பாதி மட்டும் கொடும்மா. எட்டிப் பாக்கறவன் அங்கதானே கை வைப்பான்?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "சரி, கீழ்ப்பாதி நான் பளபளப்பாக்கித் தரேன். துணியைக் கொண்டு வராதீங்க."

இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. பிடிக்கிற இடங்களில் மினுமினுப்பு, பிடிக்காத மூலைகளில் அழுக்கு, கால் படும் கட்டையில் தேய்மானம். கிளினிக்கிலிருந்து பயந்துகொண்டே படியேறி வந்த டாக்டர் அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இப்பதான் யாரோ இங்கேர்ந்து எழுந்து வெளியே போன மாதிரி இருக்கு," என்றார் மெதுவாக.

மறுநாள் விளையாட்டுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, தன் மனைவி அடித்து நொறுக்கிய முக்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். பகடை ஆட்டத்தில் அவருக்கு அடுத்தடுத்து ஆறு விழவும் முக்காலியை மறந்து குதிக்க ஆரம்பித்துவிட்டார். விருந்தாளி ஒருவர் வட்ட ஜன்னலின் முன்னால் நின்று, "இது எந்தக் கப்பல்லேர்ந்து எடுத்தது?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்.

"புயல்ல மாட்டின கப்பலுங்க அது. ராத்திரி பகல்னு பாக்காம சுத்தோ சுத்துன்னு சுத்திச்சு. உள்ள இருந்தவனெல்லாம் தொப்பலா நனைஞ்சுட்டான்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வரைபடத்தின் மேல் குனிந்து, அந்தக் காப்பி வட்டத்தை விரலால் சுற்றிவந்து, "யாரு இங்க கோப்பையை வச்சிருப்பாங்க?" என்று தோழியிடம் கேட்டாள். இருவரும் அதைப் பற்றியே பேசினார்கள். அக்கா ஓரமாக நின்று அதைக் கேட்டார். முகத்தில் ஓர் அலாதிக் களை. தன் கறையை நாலு பேர் நின்று பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

இப்போது தம்பியின் பட்டறையில் பாதி அக்காவுடையது. வீட்டில் துணி ஒருதரம்தான் துவைபடுகிறது. டிரைவர் நிம்மதியாகச் சட்டையை ஆணியில் மாட்டுகிறார். கப்பல் பெரியவர் மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பட்டறைக்கும் வந்து, பித்தளை என்று எது கண்ணில் பட்டாலும் தேய்க்கக் கேட்டுச் சண்டை பிடிக்கிறார்.

புதிதாக ஒருவர் தன் விளையாட்டு அறையைப் பழைய ரயில் பெட்டி மாதிரி கேட்டிருக்கிறார். போன வாரம் நான் கடைக்குப் போகப் பஸ் ஏறினேன். டிரைவர் நம் டிரைவர்தான். பாதி பஸ் காலி. அக்கா மட்டும் நடுவில் நின்றுகொண்டு, ஒரு கம்பியையே உற்றுப் பார்த்தபடி வந்தார். யார் ஏறினாலும் அவர்கள் கை எங்கே போகிறது என்று பார்வை கூடவே போயிற்று.

"அக்கா, அவ்வளவு சீட்டு காலியா கெடக்கு, உக்காருங்களேன்," என்றார் கண்டக்டர்.

"இரப்பா," என்றார் அக்கா. "குட்டையா இருக்கறவங்க யாராவது ஏறட்டும். இவ்வளவு நேரமும் நெட்டையாவே ஏறிட்டிருக்காங்க."

கண்டக்டர் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடுத்த நிறுத்தத்தில் பிரேக்கை மெல்ல அழுத்தினார். ஒரு குட்டையான அம்மாள் பையோடு ஏறினார்.