ஒரே பேர்

மதுரை விமான நிலையத்தில் தரை துடைத்த பினாயில் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மண்டபம் முகாம் நினைவு வந்தது. அந்தக் காலத்தில் சிலோன் போகிறவர்களை அங்கேதான் மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்து அனுப்பினார்கள்.

திருச்சுழியில் மழை பொய்த்த வருஷம். கொழும்பில் கடை வேலையில் இருந்த அய்யாவிடம் போக, அம்மா என்னையும் இரண்டு வயதுத் தம்பி முத்தையாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். எனக்கு மூத்தவன் ஒருவன் அம்மை கண்டு செத்திருந்தான். அவன் பேரைத்தான் தம்பிக்கும் வைத்திருந்தார்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்தை விட்டுக் கிளம்பினால், அதன் உயிர் அங்கேயே தங்கிவிடாதபடி பேர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தனுஷ்கோடியில் கப்பல் ஏறும்போது அம்மா கரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"முத்தையா, வந்துருய்யா. ஆத்தாகூட வந்துரு."

இடுப்பிலிருந்த தம்பி கரையைப் பார்த்துச் சிரித்தான். கப்பலில் வாழைப்பழத்தைப் பிய்த்து, பக்கத்தில் வெறும் பலகையில் வைத்தான்.

"யாருக்குலே?" என்றேன்.

"அந்த அண்ணே."

செத்தவனைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அம்மா அழவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

இன்று என் பேத்தி, தன் மகனோடு அந்தமான் போகிறாள். அவனுக்கும் அதே பேர்தான்.

"தாத்தா, பேர் சொல்லிக் கூப்பிடணும்ல?"

"வேணாந்தாயி. பேசாமத் தூக்கிட்டுப் போ."

போனாள். அவள் தோள்மேல் கிடந்த பையன், என் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்துக் கை நீட்டினான்.

"வா" என்றான்.