சோப்புத் தண்ணீரில் பச்சை வளையல்

மாடிப்படியின் நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மக். குளிக்கிற அறையில் கிடக்குமே, அந்த மக்தான். அதில் முக்கால்வாசி சோப்புத் தண்ணீர், அடியில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். என் வளைகாப்பு என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். இப்போது சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மக்கை அங்கே கொண்டுவந்து வைத்தவர் என் கணவரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை. அவரும் அவர் கணவரும் மாடி அறையில் இருந்தார்கள். கீழே நானும் என் கணவரும் மாமியாரும். அண்ணிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர் பேசமாட்டார், ஊர்தான் பேசும். மற்றபடி அவர் பேசாத விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை. மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல் வேறு. நான் காவேரிப்பாக்கத்துப் பெண், ஏரிக் காற்றில் வளர்ந்தவள். கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த புதிதில், தோல் பதனிடுகிற தோல் ஷாப்புகளின் நாற்றம் தாங்காமல் வாசலில் வாந்தியெடுத்தேன். "இன்னாடி, அதுக்குள்ளயேவா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். அன்றிலிருந்து அவருக்கு நான் ஏரிக்காரி. காற்று திரும்பும் சாயங்கால நேரத்தில் வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்திவிடுவது என் வழக்கம். அதற்கும் கேலி செய்வார்.

நான் உண்டாகியிருந்த சமயத்தில்தான் பன்றிக் காய்ச்சல் என்ற பேச்சு முதன்முதலாக எங்கள் பக்கம் வந்தது. தொலைக்காட்சியில் முகமூடி போட்டவர்களைக் காட்டினார்கள். எங்கள் தெருவில் யாரும் அதற்காகப் பயந்ததாக நினைவில்லை. பன்றியைப் பார்த்தே பல காலமாகிறது, அதன் காய்ச்சல் மட்டும் எப்படி வரும் என்று கேட்டார்கள். அது மனுஷனிடமிருந்து மனுஷனுக்கு, இருமலிலும் தும்மலிலும் தொட்ட கையிலும் வருகிறது என்று டிவியில் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. இதைத் தவிர எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. சுண்ணாம்பும் ரசாயனமும் கலந்த இந்தக் காற்றில் எந்தக் கிருமியும் தங்காது என்பது. அண்ணி அதன் பெரிய பிரசாரகர். "இந்த நாத்தத்துல மனுசன் பொழைக்கிறதே பேஜாரு. கிருமி எங்கடி பொழைக்கும்?" என்பார். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் நம்பவும் செய்தார். ஊரே நம்பியது.

கம்பெனிப் பெண்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். அங்கே வரிசையாக மிஷின்கள். ஒருத்தி தைத்ததை அடுத்தவள் வாங்கி அடுத்த தையல் போடுவாள். ஒருத்தி வராவிட்டால் அவள் வேலையும் பக்கத்துக்காரியின் தலையில் விழும், திட்டும் சேர்ந்து விழும். அதனால் காய்ச்சல் என்றாலும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிடுவார்கள். யாராவது எழ முடியாமல் படுத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மொத்த வரிசையும் பிரெட்டும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்க்கும். கட்டிலில் உட்கார்ந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அவள் வீட்டு டீயைக் குடித்துவிட்டு வரும். இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது? எங்கள் பக்கத்தில் அந்தக் காய்ச்சல் அன்பின் வழியாகத்தான் பரவியது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கெட்ட எண்ணத்தைத் திட்டித் திருத்தலாம். நல்ல எண்ணத்தை என்ன செய்வது?

அண்ணிக்குப் பக்கத்து மிஷினில் ஒரு பெண் இருந்தாள். பள்ளிகொண்டாவிலிருந்து வருகிறவள். அவளுக்கும் மாதம் ஏறியிருந்தது, என்னைவிட ஒரு மாதம் கூட. அவளுக்குக் காய்ச்சல் வந்து, இரண்டு நாள் கைவைத்தியம் பார்த்து, மூச்சு முட்டிய பிறகு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்து வந்தாள். வயிற்றில் இருந்தது பிழைக்கவில்லை. அண்ணி அவளைப் பார்க்கப் போகவில்லை. வரிசையில் எல்லோரும் போனபோது அவர் மட்டும் வீட்டில் இருந்தார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

அதற்கப்புறம் அவர் வேறு ஆளாகிவிட்டார். என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கர்ப்பிணிகளுக்கு இது சட்டென்று முற்றிவிடும், காய்ச்சல் கண்டால் அன்றைக்கே வந்துவிட வேண்டும், வீட்டில் நாள் கடத்தக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், காற்று வர ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமுகிறவர்களுக்குப் பக்கத்தில் போகாதீர்கள் என்றார். திரும்பி வந்ததும் அண்ணி முதலில் கைவைத்தது குழாயடியில் தொங்கிய துண்டில். வீட்டில் எல்லோரும் முகம் துடைப்பது அந்த ஒரு துண்டில்தான். அதை எடுத்துத் தரை துடைக்கப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு ஆணி அடித்து ஆளுக்கு ஒரு துண்டு மாட்டினார். கம்பெனி விட்டு வந்தால் குளித்துவிட்டுத்தான் என் பக்கம் வருவார். நான் சாத்திய ஜன்னல்களைச் சடார் சடாரென்று திறந்தார். நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்று அழாத குறையாகச் சொன்னேன். "நாத்தம் ஒண்ணும் சாவடிக்காது. தொறந்து வெய்யி" என்றார். நாற்றத்துக்கு அத்தனை மகிமை சொன்ன அதே வாய்! புருஷன் வீட்டில் நாத்தனார் கொடுமை என்று அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். பாதி விளையாட்டாக.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். எங்கள் வீட்டு வழக்கத்தில் முதல் வளையல் நாத்தனார் கையால்தான் ஏறவேண்டும். அண்ணி அதற்கென்றே கடைத்தெருவில் அலைந்து பச்சை வளையல் வாங்கிவைத்திருந்தார். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாவற்றுக்கும் ஆள் பேசியது, பந்தல்காரனோடு சண்டை போட்டது, என் புடவைக்கு நிறம் சொன்னது எல்லாம் அவர்தான். தனக்கு நடக்காததை எனக்கு நடத்திப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் நாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்தவர் நேராக மாடிக்கு ஏறிவிட்டார். மேலே இருந்தபடியே சொன்னார்: "தொண்ட கட்டிக்கிச்சு. ஒடம்பு அனலா இருக்குது. யாரும் மேல வராதீங்க." தன் கணவரையும் கீழே எங்கள் கூடத்தில் படுக்க அனுப்பிவிட்டார்.

காலையில் காவேரிப்பாக்கத்திலிருந்து வேனில் அம்மாவும் உறவுகளும் வந்தார்கள். தெருப் பெண்கள் வந்தார்கள். நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறேன், முதல் வளையல் போடவேண்டிய ஆளைக் காணோம். மாமியாரின் தங்கை ஒருவர் இருந்தார், நாக்கில் சனி. "வெறும் சளிக்கா இந்த ஆர்ப்பாட்டம்? வயித்தெரிச்சல், வேற இன்னா?" என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது. படிக்கட்டின் கீழே போய் நின்று கெஞ்சினார். "ஒரு மாத்தர போட்டுக்கினு ஒரே ஒரு நிமிசம் வந்துட்டுப் போம்மா. ஊரு ஒரு மாதிரி பேசுது."

"பேசட்டும்மா. பேச்சு ஒட்டிக்காது" என்றார் அண்ணி.

கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் நடுப்படியில் அந்த மக். அண்ணி மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, மேல்படியில் போய் உட்கார்ந்திருந்தார். "வளையல் என் கை பட்டது. சோப்புத் தண்ணியில ஊறப் போட்டுட்டேன். நல்ல தண்ணில அலசிட்டு ஏரிக்காரியே போட்டுக்கட்டும்."

குளிக்கிற மக்கில் சுபகாரிய வளையலா என்று ஒருத்தி. தனக்குத்தானே வளையல் போட்டுக்கொண்டால் ஆகாது என்று இன்னொருத்தி. அம்மா பதறிப்போய், நானே போட்டுவிடுகிறேன் என்று முன்னால் வந்தார். நான் எழுந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி மக்கை எடுத்துவந்து, குழாயடியில் வளையல்களை அலசினேன். எல்லோரும் பார்க்க, ஒன்றொன்றாக என் கையில் நானே ஏற்றிக்கொண்டேன். கையை உயர்த்தி மேல்படிக்குக் காட்டினேன். கைக்குட்டைக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவர் அழுகிறார் என்று தெரிந்துவிட்டது.

அழுகை எத்தனை நேரம் தாங்கும்? அடுத்த நிமிஷமே மேலிருந்து அதட்டல் ஆரம்பித்தது. "கைய கழுவிட்டு வந்து வளையல் போடுங்க! சோப்பு அங்கதான் வெச்சிருக்கேன்! சந்தனத்த மூஞ்சில பூசாதீங்க, கையில பூசுங்க! ஊட்டாதீங்க, அவளே துண்ணுவா! இருமுறவங்க வாசல்லயே ஆசீர்வாதம் பண்ணுங்க!" பட்டுப் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் குழாயடியில் வரிசை கட்டினார்கள். சிலர் சாப்பிடாமலே கிளம்பினார்கள். மாமியாரின் தங்கை அதற்கப்புறம் ரொம்ப நாள் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை.

அண்ணிக்கு வந்தது அந்தக் காய்ச்சல்தானா என்று யாருக்கும் தெரியாது. லேசான காய்ச்சலுக்குச் சோதனை வேண்டாம், ஒரு வாரம் வீட்டிலேயே இருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்த ஒரு வாரமும் அவர் கம்பெனிக்குப் போகவில்லை. மாமியார் நடுப்படியில் சாப்பாட்டை வைத்துவிட்டு இறங்கிய பிறகுதான் அவர் வந்து எடுத்துக்கொள்வார்.

மகள் காவேரிப்பாக்கத்தில் பிறந்தாள். அண்ணி பார்க்க வந்தார். கிணற்றடியில் முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தும் குழந்தையைத் தூக்கவில்லை, சற்றுத் தள்ளியே உட்கார்ந்திருந்தார். "தூக்குங்க அண்ணி, அதான் நல்லா கழுவிட்டீங்களே" என்றேன். அப்போது சொன்னார், அம்மா உள்ளே போயிருந்த நேரம் பார்த்து.

"பள்ளிகொண்டாக்காரிக்குக் காய்ச்சல் வந்துச்சில்ல, அதுக்கு முன்ன நான் காய்ச்சலோட வேலைக்குப் போனேன். நான் போலன்னா என் தையலும் அவ தலையிலதான். வயித்துப் புள்ளக்காரி, பாவம்னு போனேன். மாத்தர போட்டுக்கினு அவ பக்கத்துலயே நாளெல்லாம் இருமிக்கினு இருந்தேன். அவ டிபன் பாக்ஸ்ல கைவிட்டுச் சாப்ட்டேன். நாந்தான் குடுத்தேனான்னு தெரியாது. குடுக்கலன்னும் தெரியாதுடி."

அந்த வரிசையில் இருமியது அவர் மட்டும்தானா என்று கேட்டிருக்கலாம். அது அவருக்கும் தெரியாததா என்ன. குழந்தையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். நிமிராமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மகள் இப்போது பத்தாம் வகுப்பு. மாமியார் போய்விட்டார். அண்ணி கம்பெனியை விட்டாயிற்று. சர்க்கரையும் மூச்சிரைப்பும் சேர்ந்துகொள்ள, கணவரோடு கீழே வந்துவிட்டார். மாடி அறை மகளுடையது. நடுவில் கொரோனா வந்து உலகத்துக்கே கை கழுவச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது. உலகமும் வழக்கம்போல மறந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் பள்ளியில், காய்ச்சல் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் பெற்றோருக்குக் கோபம் வருகிறது.

போன மாதம் மகள் பள்ளியிலிருந்து காய்ச்சலோடு வந்தாள். அவள் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பன்றிக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கினோம். வந்ததும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. படிக்கட்டின் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நான் கஞ்சி வைப்பதையும் எடுப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கைப்பிடியைப் பிடித்து எழுந்தேவிட்டார். "ஒரு தபா நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு வந்துடுறேன். கொழந்த தனியா கெடக்குது."

மேலே கதவு திறந்தது. முகமூடியோடு மகள் வந்து, கஞ்சி குடித்த டம்ளரை நடுப்படியில் வைத்தாள். வெறும் டம்ளர் இல்லை. ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர், அதற்குள் டம்ளர். இப்போது எங்கள் வீட்டில் இருப்பது நீல மக். வளையல் கதை அவளுக்குத் தெரியும், ஊரே சொல்லிச் சிரித்த கதை. அண்ணி கிணற்றடியிலிருந்து வந்து என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணி முதல் படியில் கால் வைத்திருந்தார்.

"அத்த, மேல வராத" என்றாள் மகள். "உனக்கு நான் குடுத்துட்டா இன்னா பண்றது?"

அண்ணி அப்படியே நின்றார். பிறகு காலை எடுத்துத் தரையில் வைத்தார். "சரிடி கண்ணு, வர்ல. ஜன்னல தொறந்து வெச்சிருக்கியா?" என்று கேட்டார். திறந்துதான் இருந்தது. தோல் ஷாப் நாற்றம் படி வழியாகக் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் மக்கை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகும்போது என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏரிக்காரி" என்றார். "நல்லாத்தான் வளத்திருக்க."