போடிக்கு இறங்கி வந்த வடம்வலி

ஊரில் நடக்கும் நிகழ்ச்சிகளை இணையதளத்தில் போட்டு ஆள் சேர்ப்பது, மைக்கைப் பார்த்தாலே கூச்சப்படுகிறவன் ஊரையே கூப்பிட ஆசைப்பட்டால் வந்து மாட்டிக்கொள்கிற தொழில். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். அப்படியானால் கீழே வருவதைப் படித்துச் சிரிக்க மாட்டீர்கள், பெருமூச்சுதான் விடுவீர்கள். ஆனாலும் கடைசிவரை படியுங்கள், இது ஜெயித்த கதை.

எப்பவும் நடக்குற இடம்

போடிநாயக்கனூரில் விழா நடத்துகிறவர்கள் அழைப்பிதழைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை என்று மேலிருந்து கீழ்வரை பேர் பேராக நிரம்பியிருக்கும். ஒருவர் பேர் விட்டுப்போனாலும் பந்தல்கால் ஆடிவிடும் என்பதால் அதில் மட்டும் கவனம் பிசகாது. விழா எங்கே நடக்கிறது என்பது மட்டும் இருக்காது.

ஒரு கோயில் அன்னதான அழைப்பிதழ் அப்படித்தான் வந்தது. அனுப்பியவருக்குப் போன் போட்டு, "அண்ணே, இடம் போடலியே" என்றேன். "சத்தமாப் பேசுப்பா" என்றார். என்னால் முடிந்த சத்தத்தில் மறுபடி கேட்டேன். "எப்பவும் நடக்குற இடந்தான்" என்றார். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாதே என்று இழுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எடம் தெரியாதவுக எதுக்குப்பா வரணும்? சோறு பத்தாது."

நாலு அணி

பேச்சியம்மாள் அக்கா எங்கள் பகுதியிலிருந்து தினமும் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி கேரளாப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். அங்கே ஓணத்துக்கு வடம்வலி என்று கயிறு இழுக்கும் போட்டி வைப்பார்கள். பெண்களும் இழுப்பார்கள். அக்காவின் அணி அங்கே பரிசு வாங்கியிருக்கிறது. அதைச் சொந்த ஊரில், பொங்கல் விளையாட்டு விழாவில் இழுத்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

விழாக் குழுச் செயலாளர் செல்வராசு அண்ணனிடம் போய்க் கேட்டிருக்கிறார். "பொம்பளைகளுக்குத்தான் கோலப் போட்டி இருக்குல்ல" என்று பதில் வந்திருக்கிறது. அக்கா நகரவில்லை. கடைசியில் அண்ணன், "ஞாயித்துக்கிழமைக்குள்ள நாலு அணி பேரு குடுத்தா நடத்துறோம். இல்லேன்னா இனிமே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார்.

அக்கா நேராக என்னிடம் வந்தார். "எம் மக கூட நான் இழுத்ததப் போனுலதான் பாத்திருக்கா அப்பு. நம்ம ஊரு மண்ணுல ஒரு தடவ காலூன்றி இழுத்துறணும்" என்றார். சரியென்று தலையாட்டினேன். அவர் கிளம்பும்போது கேட்டார்: "நீ போட்டா நாடே பாக்குமாம்ல, நாலு டீமு வராதா?"

நாடே பார்த்தது

அன்றைக்கே போட்டேன். கயிறு படம், சிவப்பு எழுத்து, மேலே கொட்டையாக: "பெண்களுக்கான கயிறு இழுக்கும் போட்டி! தெருவுக்கு ஓர் அணி!" நாடு உண்மையிலேயே பார்த்தது. துபாயிலிருந்து ஒருவர் இதயம் விட்டார். திருப்பூரிலிருந்து "வாழ்த்துகள் சகோ" வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் ஊர் நினைவு வந்துவிட்டதாக ஒரு பத்தி எழுதினார். இழுக்கிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஒரே ஒரு போன் வந்தது. துள்ளி எடுத்தேன். "தம்பி, கயிறு எந்தக் கடையில வாங்குறீக? நம்ம கடையில தேங்கா நாரு, நைலானு ரெண்டும் இருக்கு" என்றது ஒரு குரல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வராசு அண்ணன் பைக்கை என் முன்னால் நிறுத்தினார். இஞ்சினைக்கூட அணைக்காமல் கேட்டார்: "என்ன தம்பி, கோலப்பொடிக்குச் சொல்லிரவா?"

ஜீப்பு நிற்கும் இடம்

சனிக்கிழமை விடியுமுன் ஜீப்புகள் கிளம்பும் இடத்துக்குப் போனேன். அக்காவைப் படம் எடுத்துப் போட்டால் யாராவது மனமிரங்குவார்கள் என்று நப்பாசை. தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பு ஒவ்வொன்றுக்கும் நெற்றியில் பேர் உண்டு. அக்காவின் வண்டி 'மலையரசி'. பக்கத்தில் நின்றது 'முனியாண்டி துணை'.

"ஏய் மலையரசி! நேத்துப் பூராம் எங்க தூசியத்தான தின்னுக்கிட்டு வந்தீக?" என்று அந்த வண்டியிலிருந்து ஒரு குரல்.

"ஒங்க வண்டி வெரசாப் போகல ஆத்தா. பிரேக்கு இல்லாம போயிருச்சு!" என்று இங்கிருந்து பதில் போனது. இரண்டு வண்டியும் சிரிப்பில் குலுங்கின.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரே தெருப் பெண்கள் ஆளுக்கொரு தோட்டத்துக்கு, ஆளுக்கொரு ஜீப்பில் போகிறார்கள். இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறவர்களுக்குத் தெருவோடு என்ன பழக்கம்? முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு வருஷக்கணக்காக மலையேறுகிற ஜீப்புதான் அவர்களுக்குத் தெரு. நான் தெருத்தெருவாகத் தேடிய அணிகள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து, சண்டையையும் ஆரம்பித்திருந்தன.

அங்கேயே போனை எடுத்து "ஜீப்புக்கு ஓர் அணி" என்று மாற்றினேன். படித்துக் காட்டினேன். என் குரல் இஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மலையரசி டிரைவர் முருகன் அண்ணன் போனைப் பிடுங்கி, வண்டியின் போனட்டில் ஏறி நின்று, எல்லா வண்டிக்கும் கேட்கிற மாதிரி ஓர் எழுத்து விடாமல் கத்தினார். அடுத்த நிமிஷம் முனியாண்டி துணையிலிருந்து ஓர் அக்கா பாதி உடம்பை வெளியே நீட்டி என் சட்டையைப் பிடித்தார்: "தம்பி, மொதல்ல எங்க வண்டிப் பேரப் போடு. மலையரசிக்கு மேல எங்க பேருதான் இருக்கணும்!"

ஏலக்காய்த் தராசு

ஞாயிற்றுக்கிழமை செல்வராசு அண்ணனிடம் ஆறு ஜீப்பின் பேர்களை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். பிறகு, "வடம்வலின்னா டீமோட மொத்த எடை ஒரு அளவத் தாண்டக் கூடாதுல்ல. எங்க நிறுப்ப?" என்றார். கடைசி வேகத்தடை.

ஏலக்காய் வியாபாரி ஒருவர் மூட்டை நிறுக்கும் தராசைத் தந்தார். மறுநாள் சோலி முடித்து ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்கள் நேராக அவர் கடைக்கு வந்தார்கள். தனித்தனி எடையை வெளியே சொல்லக் கூடாது, இரண்டிரண்டு பேராக ஏற்றி மொத்தத்தை மட்டும் எழுத வேண்டும் என்று அவர்களே நிபந்தனை போட்டார்கள். ஒருத்தர் வளையலைக் கழற்றினார், ஒருத்தர் செருப்பை, ஒருத்தர் மடியிலிருந்த வெற்றிலைப் பையை. வியாபாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இத்தன வருசமா காய் நிறுக்கேன், எடையக் கொறைச்சுப் போடுன்னு சரக்கே எங்கிட்டச் சண்டைக்கு வந்தது இன்னைக்குத்தான்."

முதல் கியர்

விழா அன்று மைதானம் கொள்ளவில்லை. ஆறு ஜீப்பு என்றால் ஆறு ஜீப்பின் குடும்பங்கள், சொந்தபந்தம், டிரைவர்கள், டிரைவர்களோடு பந்தயம் கட்டியவர்கள். மதில்மேல், மொட்டை மாடியில், வேப்பமரத்தில் எல்லாம் ஆள். இறுதிப் போட்டியில் மலையரசியும் முனியாண்டி துணையும் நின்றன. அதைத்தான் ஊரே எதிர்பார்த்தது.

பேச்சியம்மாள் அக்கா கடைசி ஆளாக நின்று கயிற்றைத் தோளில் போட்டு வாங்கினார். விசில் ஊதியதும் கயிறு விறைத்து அசையாமல் நின்றது. பிறகு மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்தது. அக்காவின் குதிகால் மண்ணைக் கீறிக்கொண்டே போனது. அப்போது முருகன் அண்ணன் கோட்டுக்கு வெளியே குனிந்துகொண்டு, "செகண்டுல இழுக்காது! பஸ்ட்டப் போடுங்க ஆத்தா, பஸ்ட்டு கியரு!" என்று கத்தினார். தினமும் மலையேறும்போது கேட்கிற குரல். மலையரசி அணியின் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் உடம்பைத் தாழ்த்தினார்கள். குதிகால் நின்றது. கயிறு ஒரு சாண் வந்தது, ஒரு முழம் வந்தது, அப்புறம் மொத்தமாக வந்தது.

அக்காவின் மகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, மண்ணோடு மண்ணாகக் கிடந்த அம்மாவின் மேலேயே விழுந்தாள். செல்வராசு அண்ணன் மைக்கைப் பிடித்து, இனி வருஷா வருஷம் வடம்வலி உண்டு என்று, யாரும் கேட்காமலே அறிவித்தார். தோற்ற வண்டியின் டிரைவர் கைதட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்: "இனிமே வளைவுல வண்டி மக்கர் பண்ணுனா மெக்கானிக்கக் கூப்பிட மாட்டேன் மாப்ளே. கயித்தக் கட்டி இவுக கையில குடுத்துருவேன்!"

ஆக, சக துன்பவாசிகளே, இணையதளத்தில் ஒரு செய்தியைப் போட்டால் போதும், அது ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும், போனட்டில் ஏறி நின்று அதை உரக்கப் படிக்க ஒரு டிரைவர் மட்டும் கிடைத்துவிட்டால்.