ஆறு விரல் குழந்தையும் நான் எழுதிய முதல் கடிதமும்

கோப்பிச் செடிகளில் இலை நோய் விழுந்து, கண்டிப் பக்கத்துத் தோட்டங்கள் ஆட்டங்காணத் தொடங்கிய காலம் அது. அப்போது நான் கண்டிக் கடைவீதியில் ஓர் அரிசிக் கடையில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எந்த மூட்டை எந்தத் தோட்டத்துக்குப் போகிறதோ, அந்தப் பெயரை மூட்டையின் மேல் மையால் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு வாசிப்பு என்றால் உயிர். கொழும்பிலிருந்து ரயிலில் வரும் தமிழ்ப் பத்திரிகையில் மருந்து விளம்பரத்தைக்கூட விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் வாங்க வரும் தோட்டத்து ஜனங்களை உட்காரவைத்து உரக்க வாசித்துக் காட்டுவேன். அவர்கள் "ஐயையோ", "அடப் பாவமே" என்று உச்சுக்கொட்டும்போது எனக்குப் பெருமை தாங்காது. இத்தனைக்கும் அதுவரை சொந்தமாக நாலு வரிக் கடிதம் எழுதியவனில்லை நான். அச்சில்தான் எல்லாம் வருகிறதே, நாம் எழுத என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

அன்றும் ஒரு ஞாயிறு. கடையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நான் வாசித்த செய்தி இதுதான்: நாலந்தைக்கு வடக்கே, தோட்டங்களுக்கு ஆட்கள் நடந்து வரும் வீதியோரம், ஈவிரக்கமில்லாத ஒரு தாய் தன் கைக்குழந்தையை மரத்தடியில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். அந்தப் பக்கம் வந்த யாரோ குழந்தையை எடுத்து மாத்தளையில் ஓர் அநாதை விடுதியில் சேர்த்திருக்கிறார்கள். தாய் அகப்பட்டால் பொலிசில் ஒப்படைக்க வேண்டும்.

வாசித்ததோடு நான் நிறுத்தவில்லை. "இவளையெல்லாம் கட்டிவைத்து அடிக்கணும்" என்று என் சரக்கையும் சேர்த்தேன். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். எனக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. மிச்சத்தை வாசித்தேன்.

"குழந்தை சிவப்புக் கரைச் சீலைத் துண்டில் சுற்றப்பட்டிருந்தது. இடது கையில் ஆறு விரல்கள்."

பின்னால் ஒரு பெண் அலறினாள். அப்படி ஓர் அலறலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பன்விலப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து அரிசி வாங்க வந்தவள். கூடையைக் கீழே போட்டுவிட்டு ஜனங்களைத் தள்ளிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"என் புள்ளைங்க அது! உசுரோட இருக்குதா? சொல்லுங்க, உசுரோட இருக்குதா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடந்ததை அவளே சொன்னாள். கடல் தாண்டித் தோட்ட வேலைக்கு நடந்து வந்த வழியில், புருஷன் மன்னாரிலேயே இறந்துவிட்டான். நாலந்தையை நெருங்கும்போது இவளுக்கு வாந்திபேதி. கூட வந்தவர்கள் பயந்துபோய் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நோய் பிள்ளைக்கும் தொற்றிவிடும் என்று அதைத் தள்ளி மரத்தடியில் கிடத்திவிட்டு, தண்ணீர் தேடித் தவழ்ந்து போனவள் அங்கேயே மயங்கிவிட்டாள். கண் விழித்தபோது யாரோ ஒரு வண்டிக்காரரின் மாட்டு வண்டியில் கிடந்தாள். மறுபடி போய்த் தேடினால் மரத்தடி வெறுமையாக இருந்தது. வேறு வழியில்லாமல் தனியே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"நரி தூக்கிட்டுப் போச்சுன்னு நெனச்சேங்க. நான் ஓடிப்போனேன்னு யாருங்க சொன்னா?"

"பத்திரிகையில் போட்டிருக்கு" என்றேன்.

"எழுதினவங்க வந்து பாத்தாங்களா?"

நானும்தான் பார்க்கவில்லை. ஆனால் கட்டிவைத்து அடிக்கச் சொன்னேனே! சற்று முன் ஆமாம் போட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"வெறும் வாயால சொன்னா எனக்குப் புள்ளைய குடுப்பாங்களா? நீங்க எழுதத் தெரிஞ்சவங்க. நான் ஓடலேன்னு எழுதிக் குடுங்க" என்றாள்.

தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். "கருணைக் கடலாகிய சமூகத்துக்கு, அபாக்கியவதியாகிய இப்பேதை..." என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிவிட்டேன். படித்துக் காட்டினேன். அவள் விழித்தாள்.

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இது நான் இல்லீங்களே."

அதுவும் எனக்கு ஓர் அடிதான். வருஷக்கணக்காக விழுங்கிய வார்த்தைகள் அப்படியே வெளியே வந்திருந்தன. என்னுடையது என்று ஒரு வரிகூட இல்லை. தாளைக் கிழித்தேன். அவளைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். எந்த மரம், தண்ணீர் எவ்வளவு தூரம், பிள்ளையை எந்தப் பக்கம் பார்த்துக் கிடத்தினாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். கை வலித்தது. ஒரு வரியை நாலு தரம் அடித்தடித்து எழுதினேன். சாயங்காலம் வாசித்துக் காட்டியபோது, "ஆமாங்க, இதான் நடந்துச்சு" என்று அழுதாள்.

இரண்டு நாள் கழித்து எங்கள் கடை அரிசி வண்டி மாத்தளைக்குப் போனது. முதலாளியிடம் சொல்லிவிட்டு அவளோடு நானும் போனேன். வழியில் அக்குறணை தாண்டியதும் அவள், "குடுக்காட்டி என்னங்க செய்யிறது?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள்.

விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மா முதலில் முகம் கொடுக்கவில்லை. "அந்தப் பத்திரிகையில் வந்தவள் நீதானா?" என்றார். நான் கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே வாசிக்கத் தொடங்கியவர் பாதியில் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டார். முடித்ததும் எழுந்து உள்ளே போனார்.

குழந்தையைத் தூக்கி வந்தார். அது தாயை அடையாளம் காணாமல் வீறிட்டு அழுதது. அவள் அதன் இடது கையைப் பிடித்து, அந்த ஆறாவது விரலைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது. அன்றே பிள்ளையோடு கண்டிக்குத் திரும்பினோம்.

நடந்ததை எழுதிப் பத்திரிகைக்கும் அனுப்பினேன். ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டார்கள். அதற்குப் பிறகு தோட்டத்து ஜனங்கள் பலர் தங்கள் கதையைச் சொல்ல என்னைத் தேடி வந்தார்கள். நானும் எழுதினேன். இப்போதும் எழுதுகிறேன். மற்றவர்கள் எழுதியதை ருசித்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால், ஒரு தாயைப் பாவி என்று ஊருக்கு வாசித்துக் காட்டிய மனிதனாகவே நான் முடிந்திருப்பேன் என்று நினைக்கும்போது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குக் குலை நடுங்குகிறது.